மேனியில் எழுதிய எழுத்து

மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டிருப்போர்க்கு ஓர் உண்மை நாள்தோறும் விளங்கும். ஒரே பொருளுக்கு வெவ்வேறு மக்கள் இட்ட பெயர்களை அருகருகே வைத்துப் பார்த்தால், அப்பொருளை அவர்கள் எந்தக் கண்கொண்டு நோக்கினார்கள் என்பது புலப்பட்டுவிடும். ஊசியால் தோலைக் குத்திக் கரியை உட்செலுத்தி அழியாத அடையாளம் இடும் வழக்கம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. தமிழர் அதனை நிறத்தால் குறித்துப் 'பச்சை குத்துதல்' என்றனர். இந்தி பேசும் மக்கள் செயலால் குறித்துக் 'கோத்னா' என்றனர். குத்துவது என்பதே அதன் பொருள். பசிபிக் மாகடல் தீவினர் 'டாடாவ்' என்றனர். பண்டைய கிரேக்கர் 'ஸ்டிக்மா' என்றனர். அச்சொல்லுக்கு இன்று ஐரோப்பிய மொழிகளில் 'மானக்கேடு' என்பதே பொருளாக நின்றுவிட்டது.

ஊசி ஒன்றுதான், கரியும் ஒன்றுதான். ஆயினும் ஓரிடத்தில் அது அணிகலன், மற்றோரிடத்தில் தண்டனை. ஓரிடத்தில் குலப்பெருமை, மற்றோரிடத்தில் அடிமைக்குறி. இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? சொந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. நாகபுரி வழியாகவோ போபால் வழியாகவோ செல்லும் ரயில் வண்டியில், எதிரே அமர்ந்திருக்கும் மூதாட்டியின் முன்கையிலும் முகவாயிலும் நீலம் பாய்ந்த புள்ளிகளையும் கோடுகளையும் நம்மில் பலர் கண்டிருப்போம். அவை என்ன சொல்கின்றன என்று நமக்குத் தெரியாது. தெரியாத எழுத்தைக் கண்டால் அதனை எழுத்தன்று எனத் தள்ளிவிடுவது மனித இயல்பு. பச்சையின் வரலாற்றில் நேர்ந்த தீங்குகளுள் பல, இந்த இயல்பிலிருந்தே பிறந்தன.

முதலில் பச்சை அழியாது நிற்பதன் காரணத்தைக் காண்போம். நம் மேல்தோல் ஓயாது உதிர்ந்து புதுப்பிக்கப்படுவது. அதில் இட்ட மருதாணி சில வாரங்களில் மறைந்துவிடுவது அதனால்தான். பச்சை குத்தும் ஊசியோ மேல்தோலைக் கடந்து உள்தோலை அடைகிறது. அங்கே கரித்துகள் நுழைந்ததும், உடலைக் காக்கும் உயிரணுக்கள் விரைந்து வந்து அதனை விழுங்குகின்றன; விழுங்கிய கரியைச் செரிக்க இயலாமல் வயிற்றில் ஏந்தியபடியே அங்கு நிலைத்துவிடுகின்றன. அவ்வணுக்கள் மடியும்போது கரியை வெளியிடுகின்றன. உடனே வேறு அணுக்கள் அதனை விழுங்கிக்கொள்கின்றன. இதனைப் பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர் எலிகளிடம் சோதித்து 2018ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆகவே பச்சை என்பது ஒரு காவலன் கையிலிருந்து மறு காவலன் கைக்கு மாறிக்கொண்டே இருக்கும் கரி எனலாம். கறுப்புக் கரி தோலினூடே தோன்றும்போது நீலமும் பசுமையும் கலந்து தெரிகிறது. நம் முன்னோர் அதனைக் 'கரி குத்துதல்' என்னாது 'பச்சை குத்துதல்' என்றது, கண்ணுக்குத் தெரிந்ததை அப்படியே சொன்ன நேர்மையாகும்.

இவ்வழக்கம் எங்கே தோன்றியது? ஓரிடத்தில் தோன்றி உலகெங்கும் பரவியதாகக் கொள்ள வேண்டியதில்லை. முள்ளும் கரியும் இல்லாத நாடு இல்லை. 1991ஆம் ஆண்டு ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் இடையேயுள்ள ஆல்ப்ஸ் மலைப்பனியில், ஐயாயிரம் ஆண்டுகட்கும் முற்பட்ட ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. 'ஓட்ஸி' எனப் பெயரிடப்பட்ட அவனுடைய மேனியில் 61 அடையாளங்களை எண்ணியிருக்கின்றனர். அனைத்தும் சிறு கோடுகளும் சிலுவை வடிவங்களுமே. பெரும்பாலானவை இடுப்பிலும் முழங்காலிலும் கணுக்காலிலும், மூட்டு தேய்ந்து வலித்திருக்கக்கூடிய இடங்களில் அமைந்துள்ளன. ஆடை மறைக்கும் இடங்களில் இருப்பதால், அவை அழகுக்காக அன்றி நோய் தீரக் குத்தப்பட்டனவாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர்.

ஏறக்குறைய அதே காலத்தைச் சேர்ந்த இரண்டு எகிப்திய உடல்கள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் நூறாண்டுக்கு மேலாக வைக்கப்பட்டிருந்தன. ஆணின் கையில் இருந்த கறை ஒன்றை எவரும் பொருட்படுத்தவில்லை. அகச்சிவப்பு ஒளியில் ஆராய்ந்தபோது அக்கறை ஒரு காட்டெருதாகவும் ஒரு கொம்புள்ள ஆடாகவும் தெளிந்தது. பெண்ணின் தோளில் வளைகோடுகள் வரிசையாகத் தெரிந்தன. 2018இல் இச்செய்தி வெளிவந்தது.

எகிப்திய வரலாற்றில் இன்னொரு செய்தியும் உண்டு. 1891ஆம் ஆண்டு, ஹாத்தோர் என்னும் பெண் தெய்வத்தின் பூசாரிணியான அமுனெட் என்பவளின் உடல் கண்டெடுக்கப்பட்டது. அவள் வயிற்றில் புள்ளிகளாலும் கோடுகளாலும் பச்சை குத்தியிருந்தது. அக்காலத்து அறிஞருட் சிலர், பச்சை குத்திய பெண்கள் ஆடல் மகளிராகவோ காமக்கிழத்தியராகவோதான் இருந்திருக்க வேண்டும் என்று எழுதிவிட்டனர். தம் நாட்டில் பச்சை எவருடைய மேனியில் காணப்பட்டதோ அவரையே எகிப்திலும் கண்டனர் போலும்! பின்னர் வேறொரு பெண்ணின் உடலில் முப்பதுக்கும் மேற்பட்ட பச்சைகள், ஹாத்தோரின் பசுக்களும் தெய்வக் கண்களுமாக, இருப்பது 2016இல் தெரியவந்தது. அவை சமயத் தொண்டின் சின்னங்கள் என்ற கருத்தே இன்று வலுப்பெற்றிருக்கிறது. பிறர் மேனியில் உள்ள எழுத்தை நம் அகராதி கொண்டு படித்தால் இத்தகைய பிழைகளே நேரும்.

அகராதிகள் எவ்வளவு மாறுபட்டவை என்பதைக் கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் குறித்திருக்கிறார். திரேசியர் என்னும் மக்களிடையே பச்சை குத்தியிருப்பது உயர்குடிப் பிறப்பின் அடையாளம், குத்தாதவன் இழிந்தவன். கிரேக்கர்க்கோ அது ஓடிப்போய்ப் பிடிபட்ட அடிமையின் நெற்றிக்கு உரியது. அவர் சொல்லும் இன்னொரு கதையில், ஹிஸ்டியேயஸ் என்னும் தலைவன் தன் அடிமையின் தலையை மழித்து, அதில் இரகசியச் செய்தியைக் குத்தி, முடி வளர்ந்தபின் தூது அனுப்புகிறான். செய்தியைச் சுமந்து சென்றவனுக்குத் தன் தலையில் எழுதியிருந்ததைப் படிக்கும் வழியில்லை. பிறரால் குத்தப்படும் பச்சையின் தன்மை முழுவதும் இக்கதையில் அடங்கிவிடுகிறது.

உரோமரும் கிரேக்கரைப் பின்பற்றினர். கி.பி. 316இல் கான்ஸ்டன்டைன் பேரரசர், சுரங்க வேலைக்குத் தண்டிக்கப்பட்டவர்களின் முகத்தில் குறியிடுவதைத் தடுத்தார். தெய்வ அழகின் சாயலில் அமைந்த முகத்தைக் கெடுத்தலாகாது என்பது அவர் காட்டிய காரணம். கைகளிலும் கெண்டைக்கால்களிலும் குறியிடலாம் என்று விட்டுவைத்தார். சீனத்தில் முகத்தில் மை குத்துவது பண்டைய ஐவகைத் தண்டனைகளுள் ஒன்று. கி.மு. 167இல் ஹான் வமிசத்துப் பேரரசர் வென் அதனை ஒழித்தாரெனினும், பிற்கால அரசர் சிலர் அதனை மீண்டும் கைக்கொண்டனர்.

ஜப்பானில் இவ்விரு முகங்களும் ஒரே நகரத்திலேயே காணப்பட்டன. 1720ஆம் ஆண்டில், மூக்கையும் காதையும் அரியும் கொடுமைக்குப் பதிலாகச் சிறு குற்றவாளிகளின் உடலில் மை குத்தும் தண்டனையை ஷோகனின் அரசு ஏற்படுத்தியது. நூறாண்டு கழித்து, அதே எடோ நகரத்துத் தீயணைப்போரும் கூலி வேலையாளரும் முதுகு நிறைய வீரர் உருவங்களையும் நாகங்களையும் விரும்பிக் குத்திக்கொண்டனர். ஓவியர் குனியோஷி 1827 முதல் வெளியிட்ட வீரர் படங்கள் இவ்வார்வத்தை வளர்த்தன. தண்டனைக் குறியை மறைக்க அதன்மேல் அழகிய ஓவியம் குத்திக்கொண்டவரும் உண்டு. பின்னர் மேனாட்டார் தங்களைக் காட்டுமிராண்டிகள் என்று எண்ணுவரோ என அஞ்சிய புதிய அரசு, 1872இல் பச்சை குத்துவதையே தடை செய்தது. ஆனால் 1881இல் ஜப்பானுக்கு வந்த ஆங்கிலேய இளவரசர், பிற்காலத்து ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், தம் கையில் ஒரு டிராகனைக் குத்திக்கொண்டே திரும்பினார்! எவருக்கு அஞ்சித் தடை போட்டார்களோ, அவரே அதனைத் தேடி வந்தார். அத்தடை 1948இல்தான் நீங்கியது.

ஐரோப்பியர்க்கு இவ்வார்வம் வந்த வழி கடல் வழி. 1769இல் காப்டன் ஜேம்ஸ் குக்கின் கப்பல் தாகித்தித் தீவை அடைந்தது. அங்கு கேட்ட சொல்லைக் குக்கும், உடன் சென்ற ஜோசப் பாங்க்ஸும் குறித்து வைத்தனர். 'டாட்டூ' என்று இன்று உலகெங்கும் வழங்குவது அச்சொல்லின் திரிபே. சமோவாத் தீவில் இடுப்பு முதல் முழங்கால் வரை ஆடவர் குத்திக்கொள்ளும் கோலம் பல நாள் வேதனையைத் தாங்கிப் பெறுவது. நியூஸீலந்தின் மாவோரி மக்கள் உளி கொண்டு முகத்தில் செதுக்கிக்கொள்ளும் 'மோகோ', இன்னார் வழியில் வந்த இன்னார் என்று குலவரலாற்றையே கூறுவது. 1840இல் ஆங்கிலேயருடன் வைத்தாங்கி உடன்படிக்கை செய்துகொண்டபோது மாவோரித் தலைவர் சிலர் தம் மோகோவின் கோடுகளையே கையொப்பமாக வரைந்தனர். முகமே முத்திரை எனக் கொண்ட மக்கள் அவர்கள்.

அம்முகங்களுக்கு நேர்ந்த கதியை எண்ணுந்தோறும் நெஞ்சு கனக்கும். இறந்த பெரியோரின் தலையைப் பாடம் செய்து போற்றி வைப்பது மாவோரி வழக்கம். ஐரோப்பிய வணிகர் அவற்றை வேடிக்கைப் பொருளாக வாங்கலாயினர். விலையாகத் துப்பாக்கி கொடுத்தனர். துப்பாக்கி வேண்டித் தலை தேடும் நிலை உண்டாயிற்று. அடிமைகளுக்குப் பச்சை குத்தி, அத்தலைகளை விற்ற கொடுமையும் நிகழ்ந்தது. 1831இல் நியூ சவுத் வேல்ஸ் கவர்னர் டார்லிங் இவ்வணிகத்தைத் தடுத்தார். அதற்குள் பல தலைகள் ஐரோப்பிய மியூசியங்களை அடைந்துவிட்டன. பிரான்ஸ் நாடாளுமன்றம் 2010இல் தனிச்சட்டம் இயற்ற, 2012இல் இருபது தலைகள் தாய்மண்ணுக்குத் திரும்பின. மறைந்துபோகும் நிலையிலிருந்த மோகோவும் மீண்டும் தழைத்தது. முகவாயில் மோகோ அணிந்த நனையா மஹூட்டா என்னும் பெண்மணி 2020இல் நியூஸீலந்தின் வெளிநாட்டு அமைச்சரானார்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். மத்தியப் பிரதேசத்துப் பைகா பெண்கள் சிறுவயதில் நெற்றியில் தொடங்கி, கை, கால், முதுகு, மார்பு எனப் படிப்படியாகப் பச்சை குத்திக்கொள்வது தொன்றுதொட்ட மரபு. குஜராத்தில் ராபாரி மகளிர் கழுத்தையும் கைகளையும் புள்ளிகளால் நிறைத்துக்கொள்வர். பொன்னும் வெள்ளியும் இவ்வுலகில் நின்றுவிடும், பச்சை ஒன்றே உடன் வரும் என்னும் நம்பிக்கை நம் நாட்டின் பல பகுதிகளில் வழங்குகிறது. திருடனாலும் கடன்காரனாலும் கவர முடியாத நகை, ஏழைப் பெண்ணுக்கு இது ஒன்றுதானே!

தமிழ்நாட்டில் குறவர் குலப் பெண்கள் ஊர் ஊராகச் சென்று பச்சை குத்துவர். விளக்குக் கரியை அகத்திக்கீரைச் சாற்றுடனும் மஞ்சளுடனும் சேர்ப்பதுண்டு. தாய்ப்பாலில் குழைப்பதும் உண்டு. வலி தெரியாதிருக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே ஊசியை ஓட்டுவர். கூலி காசாகவோ அரிசியாகவோ கிடைக்கும். வாசலில் இடும் புள்ளிக்கோலத்தையும் கையில் குத்தும் பச்சைக்கோலத்தையும் ஒப்பிட்டு, ஜான் லேயர்டு என்னும் ஆங்கில மானிடவியலாளர் 1937இல் ஒரு கட்டுரை எழுதினார். காலையில் இட்டு மாலையில் அழியும் கோலத்தை அழியாத கோலமாக நம் பாட்டிமார் கையில் ஏந்தியிருந்தனர்.

ஆங்கிலேயக் கம்பெனி அரசு இந்த அணிகலனையே தண்டனையாக்கியது. 1797ஆம் ஆண்டு வங்காளத்தில் ஏற்பட்ட ஒழுங்குமுறைப்படி, ஆயுள் தண்டனை பெற்றவரின் நெற்றியில் அவர் பெயரும் குற்றமும் தண்டனை நாளும் நீதிமன்றமும் குத்தப்பட்டன. அரசு ஆவணங்களில் அதற்கு வழங்கிய பெயர் 'கோத்னா'. கிராமத்துப் பெண் தன் முன்கை அழகுக்கு எந்தச் சொல்லை வழங்கினாளோ, அதே சொல் கைதியின் நெற்றிக்கும் வழங்கிற்று. தலைமுடியை வளர்த்தும் தலைப்பாகையைத் தாழக் கட்டியும் கைதிகள் அதனை மறைத்தனர். தண்டனைக்காலம் முடிந்தாலும் தண்டனை முடியாது. குற்றமற்றவர் எனப் பின்னர் தெரிந்தாலும் எழுத்து அழியாது. 1849இல் இக்கொடுமை சட்டத்தால் நீக்கப்பட்டது.

அதே நூற்றாண்டின் இறுதியில் சத்தீஸ்கரில் இதற்கு நேர் எதிரான ஒன்று நிகழ்ந்தது. கோயிலுக்குள் விடாது விலக்கி வைக்கப்பட்ட மக்களிடையே, 1890களில், பரசுராம் என்னும் பெரியவர் தோன்றினார். அவர் வழிநின்றோர் 'ராம்' என்னும் பெயரைத் தம் நெற்றியிலும் கண்ணிமையிலும் மேனி முழுவதிலும் குத்திக்கொண்டு 'ராம்நாமி' எனப்பட்டனர். கோயில் கதவை அடைத்தவர்களால் மேனியில் எழுதிய நாமத்தை அடைக்க முடியவில்லை. நெற்றியில் எழுத்தைக் குத்திச் சிறுமைப்படுத்திய நாட்டிலேயே, நெற்றியில் எழுத்தைக் குத்தி மக்கள் தலைநிமிர்ந்தனர்.

இருபதாம் நூற்றாண்டில் கட்டாயப் பச்சை மிகக் கொடிய வடிவம் கொண்டது. நாஜிகள் ஆஷ்விட்ஸ் முகாமில் 1941 முதல் கைதிகளின் உடலில் எண்களைக் குத்தினர். நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்ட எண்கள் அங்கு வழங்கப்பட்டன. உடலில் பச்சை குத்தலாகாது என்று தம் வேதநூலிலேயே விதி பெற்ற யூத மக்கள் அவர்களுள் மிகப் பலர். நம் நாட்டிலும் 1947 பிரிவினைக் கலவரத்தில் கடத்தப்பட்ட பெண்கள் சிலரின் உடலில் எதிர்த்தரப்பு முழக்கங்கள் குத்தப்பட்டன. மீட்கப்பட்டு வீடு திரும்பிய பின்னும் அவ்வெழுத்து அவர்களோடு இருந்தது. 1993இல் அமிர்தசரஸில் நான்கு பெண்களின் நெற்றியில் 'ஜேப் கத்ரி', அதாவது 'ஜேப்படிக்காரி', என்று போலீசார் குத்தினர். அவர்களுள் மூவருக்கு 2016இல் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. 1849இல் சட்டம் நீக்கியதைத் தனிமனிதரின் ஆணவம் மீண்டும் கொணர்ந்தது. சட்டம் மீண்டும் தண்டித்தது.

இவ்வளவையும் ஒருங்கே நோக்குமிடத்து நாம் தொடக்கத்தில் கேட்ட வினாவிற்கு விடை கிடைக்கிறது. மானமோ மானக்கேடோ கரியில் இல்லை. குத்தப்படுபவரின் இசைவில் இருக்கிறது. ஆஷ்விட்ஸிலிருந்து மீண்ட முதியோரின் பேரப் பிள்ளைகள் சிலர், தம் பாட்டன் பாட்டியின் முகாம் எண்ணைத் தம் கையிலும் விரும்பிக் குத்திக்கொண்டிருக்கின்றனர். இலக்கங்கள் அவையேதாம். முன்னது ஒரு மனிதனின் பெயரைப் பறித்தது. பின்னது அவன் நினைவைக் காக்கிறது. இதனை ஏற்க மறுப்போரும் உளர்; அவர்தம் வேதனையும் மதிக்கத்தக்கதே.

எனினும் இசைவு மட்டும் போதாது. பார்ப்பவர்க்குப் பொருள் தெரிந்திருக்கவும் வேண்டும். இங்கேதான் புலம்பெயர்ந்து வாழ்வோர்க்கு உரிய செய்தி உள்ளது. அருணாசலப் பிரதேசத்து அபதானிப் பெண்கள் நெற்றியிலும் முகவாயிலும் நீலக் கோடுகள் அணிந்தவர்கள். தம் பள்ளத்தாக்கில் அது குலத்தின் அடையாளம். வெளியூர்களில் கல்விக்கும் வேலைக்கும் சென்றபோது அவர்களை மற்றவர் ஏளனமாக நோக்கினர். 1970களில் அவ்வின இளைஞர்களே கூடி அவ்வழக்கத்தை நிறுத்திவிட்டனர். விருப்பத்தோடு விட்டார்களா, வெட்கப்படுத்தி விட வைக்கப்பட்டார்களா என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. சத்தீஸ்கரிலும் வேலை தேடி வெளியே செல்லும் இளைய ராம்நாமிகள் மேனி முழுவதும் குத்திக்கொள்வதில்லை. ஊர் மாறும்போது உடலின் எழுத்தும் புரியாத எழுத்தாகிவிடுகிறது. தம் தாய்மொழியைப் பொது இடத்தில் தாழ்ந்த குரலில் பேசிப் பழகிய எவருக்கும் இதனை விளக்க வேண்டியதில்லை.

1891இல் நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரெய்லி என்பவர் மின்னூசிப் பொறிக்கு உரிமை பெற்றார். அதன் வழிவந்த பொறிகள் இன்று நம் நகரங்களின் கடைவீதிகளில் ஒலிக்கின்றன. நம் பிள்ளைகளும் அங்கு செல்கின்றனர். அதனை நன்றென்றோ தீதென்றோ தீர்ப்புச் சொல்வது நம் நோக்கமன்று. அப்பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: தாம் விலை கொடுத்துப் பெறுவது புதுமையன்று, தம் கொள்ளுப்பாட்டி காசுக்கோ அரிசிக்கோ பெற்றதுதான்.

பச்சைக்கோலம் தாங்கிய முன்கைகள் நம் இல்லங்களிலும் இன்னும் சில இருக்கக்கூடும். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது அக்கைகளை ஏந்திப் பார்ப்போம். அந்தக் கோலத்தின் பெயர் என்ன, யார் குத்தினார், எந்த வயதில், அழுதீர்களா, என்ன பாட்டுப் பாடினார்கள் என்று கேட்டு எழுதி வைப்போம். நாம் வாழும் ஊரில் அண்டை வீட்டு மூதாட்டியிடமும் அவர் மொழியில், உரிய மரியாதையோடு, இவ்வினாக்களையே கேட்கலாம். ஏட்டில் எழுதியது நூலகத்தில் கிடக்கும். மேனியில் எழுதியதோ அதனைத் தாங்கியவரோடு போய்விடும். அதற்கு முன் ஒருமுறையேனும் அதனைப் படித்தறிவோமாக.